யாரோட கால் அது?

அல்சூரில் எங்கள் மாமா வீட்டு ரேடியோ பக்கத்தில் யாரும் போக முடியாது. கிரிக்கெட் வர்ணனை ஓடும்போது காதை அதில் ஒட்டிவைத்தபடி உட்கார்ந்திருப்பார். விக்கெட் விழுந்தால்கூட பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார். ரன் அவுட் என்றால் மட்டும் நிமிர்ந்து, "யாரோட கால் அது?" என்று கேட்பார். ஓட்டத்துக்குக் கூப்பிட்டது யார் என்று அர்த்தம். சமையலறையிலிருந்து அத்தை, "ஐயையோ, யாருக்குக் கால்ல அடி?" என்பார். இது தெரிந்தே நடந்த நாடகமா, நிஜமாகவே புரியவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமாவின் சட்டம் எளிமையானது. பந்து அடித்தவனின் கண்ணுக்கு முன்னால் போனால் அவன் கூப்பிடணும். முதுகுக்குப் பின்னால் போனால் எதிர்முனையில் நிற்பவன் கூப்பிடணும். யாருக்குப் பந்து தெரிகிறதோ அவன் வாய்க்குத்தான் அதிகாரம். கோயில் பக்கத்துச் சந்தில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் இந்தச் சட்டத்தை மீறினால், சாயங்காலம் அவர் திண்ணையில் விசாரணை நடக்கும்.

அமெரிக்கா வந்து முதல் சில வருடங்கள் பேஸ்பால் எனக்கு ஒட்டவே இல்லை. பையன் பள்ளிக்கூட வயதுக்கு வந்து அவன் அணியோடு நானும் மைதானத்தில் நிற்க வேண்டிவந்தபோதுதான் கவனித்தேன், நம் மாமாவின் சட்டத்துக்கு இவர்கள் தனியாக ஓர் ஆளையே நியமித்திருக்கிறார்கள்! மூன்றாவது பேஸ் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நிற்பாரே, அவர்தான் தேர்ட் பேஸ் கோச்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதைச் சுற்றி ஹோமுக்கு ஓடிவருகிறவனுக்குப் பந்து பெரும்பாலும் முதுகுப்பக்கம் கிடக்கும். திரும்பிப் பார்த்தால் வேகம் போச்சு. அதனால் அவன் கோச்சை மட்டும் பார்ப்பான். கோச் கையைக் காற்றாடி மாதிரி சுழற்றினால் ஓடு. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் நில். அந்த மூன்று நான்கு வினாடிக்குள் அவர் பார்க்க வேண்டியது ஏராளம்: பந்தை எடுக்கும் ஃபீல்டரின் கை பலம், அவன் முன்னால் வந்து எடுக்கிறானா பின்னால் ஓடி எடுக்கிறானா, ஓடுகிறவனின் கால் (இது நிஜக் கால்), எத்தனை பேர் அவுட், அடுத்து ஆட வருபவன் யார். அனுபவசாலிகள் ஹோம் பக்கமாக நாலு எட்டு இறங்கி வந்து நிற்பார்கள். முடிவை ஒரு வினாடி தள்ளிப்போட அது உதவும்.

இந்த வேலையின் சாபம் என்னவென்றால், அவர் அனுப்பி ஹோமில் அவுட் ஆனவன் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுவான். அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்பவன் மூன்றாவது பேஸிலேயே நின்று, அப்படியே கணக்கிலிருந்து மறைந்துபோவான்.

1946 அக்டோபர் 15, வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 3-3. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஈனோஸ் ஸ்லாட்டர். ஹாரி வாக்கர் அடித்த பந்து இடது-நடுப் பக்கம் விழுகிறது. ஸ்லாட்டர் மூன்றாவது பேஸைக் கடக்கும்போது கோச் மைக் கொன்சாலெஸ் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குகிறார். ஸ்லாட்டர் கண்டுகொள்ளாமல் ஓடி ஹோமைத் தொட்டுவிட்டார். கோப்பை கார்டினல்ஸுக்கு. அதே தொடரில் முன்பு ஒரு ஆட்டத்தில் கொன்சாலெஸ் தன்னை நிறுத்தியதாக மேனேஜர் எடி டயரிடம் ஸ்லாட்டர் குறைப்பட்டிருந்தார். உனக்கு முடியும் என்று தோன்றினால் ஓடு, பழியை நான் ஏற்கிறேன் என்று டயரும் சொல்லியிருந்தார். பாஸ்டனின் நல்ல சென்டர் ஃபீல்டர் டாம் டிமாஜியோ காயத்தால் வெளியேறி, அவர் இடத்தில் லியான் கல்பர்சன் நின்றது ஸ்லாட்டருக்குத் தெரியும்.

பந்தை வாங்கி எறிவதில் தாமதித்தார் என்று பாஸ்டனின் ஜானி பெஸ்கி வாழ்நாள் முழுக்கப் பழி சுமந்தார். கொன்சாலெஸின் தப்பான 'நில்' பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஸ்லாட்டர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் அது தப்பு என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருவோம். நம் ஆட்டத்தில் கோச் உள்ளே நிற்பதில்லை. ஓடுகிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கோச். மாமாவை ரொம்ப நாள் தூங்கவிடாத ரன் அவுட் 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன் அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு ரன், கையில் மூன்று பந்து, கடைசி ஜோடி. க்ளூஸ்னர் தட்டிவிட்டு ஓடிவந்துவிட்டார். டொனால்டு பந்தையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மட்டையைத் தவறவிட்டு ஓடினார். ஆட்டம் சமன், ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்கு. இன்னும் இரண்டு பந்து மிச்சம் இருந்தது. நின்றிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இதன் பக்கத்தில் 2016 மார்ச் 23-ஐ வைத்துப் பாருங்கள். இடம் சின்னசாமி ஸ்டேடியம். அல்சூரிலிருந்து ட்ரினிட்டி சர்ச் தாண்டி எம்.ஜி. ரோட்டோடு நடந்தால் வந்துவிடும். டி20 உலகக்கோப்பை, இந்தியா 146. பங்களாதேஷுக்குக் கடைசி மூன்று பந்தில் இரண்டு ரன் போதும். முஷ்ஃபிகுரும் மஹ்முதுல்லாவும் அடுத்தடுத்த பந்தில் தூக்கி அடித்து கேட்ச். கடைசிப் பந்து மட்டையில் படவில்லை. எதிர்முனையிலிருந்து முஸ்தஃபிசுர் ஓடிவர, தோனியும் பந்தோடு ஓடிவந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டார். ஒரு ரன்னில் இந்தியா வெற்றி.

அந்தக் கடைசி ஓட்டத்தைத் தப்பு என்று சொல்லவே முடியாது. நின்றால் தோல்வி நிச்சயம். ஓடினால் பத்தில் இரண்டு வாய்ப்பு என்றாலும் லாபம்தான். தப்பெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு பந்தில். தோனியோ வலது கை க்ளவுஸை முன்பே கழற்றி வைத்திருந்தார். எறிவதற்கு வெறும் கை வசதி. எட்ஜ்பாஸ்டனிலும் ரன் அவுட், பெங்களூரிலும் ரன் அவுட். ஸ்கோர்கார்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் பெங்களூர்க்காரரே சாட்சி. ராகுல் டிராவிட் ஒருநாள் ஆட்டங்களில் 40 தடவை ரன் அவுட். அட்டபட்டுவுக்கு 41. இதை வைத்து டிராவிடுக்கு ஓடத் தெரியாது என்று மாமா முன்னால் ஒருத்தர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்! மனிதர் 318 இன்னிங்ஸ் ஆடியிருக்கிறார். டெஸ்டில் 88 நூறு-ரன் கூட்டணிகளில் பங்கு. அத்தனை நேரம் மைதானத்தில் நின்று ஓடியவருக்கு அத்தனை அவுட் வரத்தான் செய்யும்.

பேஸ்பாலில் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். மேஜர் லீகில் மூன்றாவது பேஸில் நிற்பவன், யாரும் அவுட் ஆகாத நிலையில் 100-க்கு ஏறக்குறைய 85 தடவை ஹோம் சேர்ந்துவிடுவான். ஒருவர் அவுட் என்றால் 65 சொச்சம். இரண்டு பேர் அவுட் என்றால் 25 சொச்சம்தான். ஆக யாரும் அவுட் ஆகாதபோது ரொம்ப உறுதியாக இருந்தால்தான் கையைச் சுழற்ற வேண்டும். இரண்டு பேர் அவுட் ஆனபின் 40 சதவீத நம்பிக்கை இருந்தாலே அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்புகிற கோச்சுக்கு, சரியான முடிவே எடுத்தாலும், பாதிக்கு மேல் அவுட் வரும். கூட்டம் திட்டும். திட்டே வாங்காத கோச் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கேன்சஸ் சிட்டி ராயல்ஸின் மைக் ஜிர்ஷெலி கதை இதற்குப் பொருத்தம். மைனர் லீகில் பல பத்தாண்டுகள் கிடந்து, 2014-இல்தான் பெரிய லீகில் தேர்ட் பேஸ் கோச் ஆனார். அந்த வருடமே வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம், அக்டோபர் 29. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ராயல்ஸ் 2-3 பின்தங்கல். அலெக்ஸ் கார்டன் அடித்த பந்தை ஜயன்ட்ஸ் ஃபீல்டர்கள் இருவர் தடுமாறிக் கோட்டைவிட, கார்டன் மூன்றாவது பேஸ் வரை வந்துவிட்டார். ஜிர்ஷெலி நிறுத்தினார். அதற்குள் ரிலே எறிய பிராண்டன் க்ராஃபோர்டு கையில் பந்து. அடுத்து வந்த சால்வடோர் பெரெஸ், பம்கார்னர் வீசியதைத் தூக்கியடித்து அவுட். கார்டன் மூன்றாவது பேஸிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அனுப்பியிருந்தால்? அவுட் ஆகியிருப்பார் என்றே பலர் சொல்கிறார்கள், படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பெரெஸின் அந்த வருடச் சராசரி 0.260. எறி தப்பும், பந்து நழுவும் வாய்ப்பு அதைவிடக் குறைவா கூடவா, அதுதான் கேள்வி. ஜிர்ஷெலி குறைவு என்று நினைத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் 2015 அக்டோபர் 23. டொராண்டோவோடு ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 3-3. எரிக் ஹாஸ்மர் வலது பக்கம் ஒரு சிங்கிள் அடிக்கிறார். முதல் பேஸில் இருந்த லொரென்சோ கெய்ன் சாதாரணமாக மூன்றாவதில் நிற்க வேண்டியவர். ஜிர்ஷெலி கையைச் சுழற்றினார். அந்த மாதிரிப் பந்தை எடுத்தால் ஹோசே பாட்டிஸ்டா இரண்டாவது பேஸுக்குத்தான் எறிவார் என்பதை அவர் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அப்படியே நடந்தது. கெய்ன் ஹோம், 4-3. அதோடு நிற்காமல் ராயல்ஸ் அந்த வருடக் கோப்பையையும் வென்றது.

இனி என் லட்சணம். பையனின் அணிக்கு ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் நான்தான் தேர்ட் பேஸ் கோச் (ஆளைப் பாருங்க!). அந்த சீசன் முழுக்க நான் அனுப்பிய ஒரு குழந்தைகூட ஹோமில் அவுட் ஆகவில்லை. மற்ற பெற்றோர்கள் புகழ்ந்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இரண்டு பேர் அவுட். ஒரு பையன் மூன்றாவதைச் சுற்றி வருகிறான். நான் இரண்டு கையையும் தூக்கினேன். அடுத்த பையன் மூன்று ஸ்ட்ரைக்கில் போய்விட்டான். நின்றவன் அழவில்லை. "நான் வந்திருப்பேனே அங்கிள்" என்றான். பதினோரு வயதுப் பிள்ளைகள் ஹோமுக்கு எறிகிற எறியில் பாதி தடுப்புவேலியில் போய் மோதும், அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அன்று ராத்திரி அல்சூருக்கு ஃபோன் போட்டு, ஒரு அவுட்கூட இல்லை மாமா என்று ஆரம்பித்தேன். "அது சரிடா, எத்தனை பேரை நிறுத்துனே?" என்றார். நான் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்த சீசனுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். அனுப்பியவர்கள் ஒரு பக்கம், நிறுத்தியவர்கள் எதிர்ப்பக்கம். முதல் ஆட்டத்திலேயே நான் அனுப்பிய பையன் ஹோமில் இரண்டு எட்டு தூரத்தில் அவுட். பெஞ்சிலிருந்து ஒரு அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு பேர் அவுட், ஃபீல்டர் பின்னால் ஓடி எடுத்தான், அனுப்பியது சரி என்று எழுதிக்கொண்டேன்.