இரண்டு விடியல் தூரம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓடும் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இடையில் இந்தியப் பெருங்கடல். இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதை அறுந்துபோனது. அதை மீண்டும் இணைக்க 1943இன் நடுவிலிருந்து ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஐந்து கட்டலினா விமானங்களை இந்தக் கடலின் குறுக்கே பறக்கவிட்டது.

கட்டலினா நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் இரட்டை எஞ்சின் விமானம். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டித்தான். எங்கும் இறங்காமல் 27 மணி நேரத்துக்கு மேல், எதிர்க்காற்று வலுத்தால் 32 மணி நேரம்கூடப் பறக்க வேண்டும். அதற்கு 9,000 லிட்டர் அளவுக்கு எரிபொருள் சுமக்க வேண்டும். இந்தப் பயணத்தின் கதையே எடையின் கதை. எரிபொருளுக்கு இடம்விட, பனி நீக்கும் கருவியும் உட்சுவரின் குளிர்காப்பும் கழற்றப்பட்டன. மிச்சமிருந்த இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே போகலாம். அப்படியும் அனுமதித்த எடையைத் தாண்டித்தான் விமானம் எழும்பியது. முதல் பல மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்றால் தாங்க முடியாது.

கையில் துப்பாக்கி இல்லை, ரேடியோவில் பேச அனுமதி இல்லை. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டிலேயே கடந்துவிட வேண்டும். திசைக்கு நட்சத்திரங்களே துணை. விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே வைத்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரெஸ், ஸ்பைகா. இவற்றுள் மூன்றை நம் பஞ்சாங்கம் திருவோணம், கேட்டை, சித்திரை என்று அறியும். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்ட பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் ரகசியக் குழு'வில் சேர்த்துக்கொண்டதாகச் சான்றிதழ் தரப்பட்டது.

இந்தப் பாதை வந்துசேர்ந்த இடத்துக்காகக் கொக்கலக்காரர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் விமானத் தளம் அமைக்க அவர்களை ஊரைவிட்டே கிளப்பினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் வீடு தப்பியது, அக்கம்பக்கத்து வீடுகள் தப்பவில்லை. இந்தப் பயணத்தைச் சாகசமாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1945 ஜூலைக்குள் 271 முறை கடல் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. எந்தப் பெரிய ஜெட் விமானத்தின் சாதனையையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. குவாண்டாஸும் இதை மறக்கவில்லை: சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் ஏறத்தாழ 20 மணி நேரம் பறக்கும் தன் திட்டத்துக்கு 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயரிட்டிருக்கிறது.

ஆனால் அந்த ஐந்தில் ஒன்றைக்கூட இன்று பார்க்க முடியாது. அமெரிக்காவின் போர்க்கால உதவி ஒப்பந்தத்தில் வந்தவை என்பதால் போர் முடிந்ததும் விலை கொடுக்கவேண்டும், அல்லது திருப்பித் தரவேண்டும், இல்லையேல் அழிக்கவேண்டும். அழிப்பதே மலிவு என்று முடிவானது. பெரும்பாலானவற்றைப் பெர்த்துக்கு எதிரேயுள்ள ராட்நெஸ்ட் தீவின் அருகே மூழ்கடித்தார்கள். ஒன்றையாவது விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கலாம்.