ஆக்கிரமிப்பாளர் யார்? வெள்ளம் சொல்லும் வரலாறு

சென்னையில் மழைநீர் தேங்கியவுடன் செய்திகளில் ஒரு சொல் அடிபடத் தொடங்கும்: ஆக்கிரமிப்பு. ஆற்றங்கரைக் குடிசைகள்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்ற பேச்சும் கூடவே வரும். இந்தச் சொல் யார்மீது வீசப்படுகிறது, யாரைத் தொடாமல் விடுகிறது என்பதை நாம் வரலாற்றில் தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். மதகைத் திறந்து மூடியவர்களிலும், மழை இரவில் கரை உடையாமல் காவல் நின்றவர்களிலும் பலர் நம் முன்னோர்கள். ஆனால் அந்த ஏரி பாயும் நிலம் அவர்களுடையது அல்ல. குடியிருந்த மனைகூட மிராசுதார்களின் பிடியில் இருந்தது என்பதை மாவட்ட கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையே பதிவு செய்கிறது. 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைகள் வந்ததற்கு அந்த அறிக்கையே அடிப்படை. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்ற அமைப்பு இயற்கை வகுத்ததல்ல. நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சிய இடம்தான் பள்ளம்.

நகரமும் அதே வழியில்தான் வளர்ந்தது. 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றின் மேலேயே போகிறது. ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர்தான். பெருங்குடி குப்பைமேடு அந்தச் சதுப்பில்தான் கொட்டப்பட்டது.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரம் பகுதியில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. இதை மனிதர்கள் உருவாக்கிய பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே சொன்னது. பிறகு நடந்தது என்ன? ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஓடுபாதை அங்கேயே இருக்கிறது.

பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணையின் நீர் வரும் தாழ்நிலப் பகுதிகள். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் வரும் இன்னொரு பள்ளத்துக்கே மக்களை அனுப்பியிருக்கிறார்கள். கூடவே வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டன. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் வாழும் இடத்திலேயே வீடு கட்டித் தருவதே அதன் முக்கிய வழியாக இருந்தது. கண்ணகி நகர் விஷயத்தில் அந்த வழி பின்பற்றப்படவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகும் சாதி வடியவில்லை. 2015இல் நகரத்தின் சேற்றையும் குப்பையையும் அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. கிராமங்களில் பயிர்ச்சேத இழப்பீடு பட்டா வைத்திருப்பவருக்குப் போகிறது. அதே வயலில் வேலை இழந்த கூலிக்காரரின் பட்டினி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

ஆகவே வெள்ளத் தடுப்பு என்பது கால்வாய் தூர்வாருவது மட்டுமல்ல. நீர்வழியை மறித்த பெரிய கட்டுமானங்களிலிருந்து ஆக்கிரமிப்புக் கணக்கைத் தொடங்கச் சொல்வோம். இடம் மாற்றுவது தவிர்க்க முடியாதது என்றால், அதே வட்டாரத்தில் மேட்டு நிலம் கேட்போம். கூலி இழப்புக்கும் நிவாரணம் கேட்போம். அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊரின் பழைய வரைபடத்தை எடுத்து வாய்க்கால் எங்கே ஓடியது, சேரி எங்கே இருந்தது என்று குறித்துப் பாருங்கள். ஏரியைக் காத்தவர்களின் பிள்ளைகளை இனி யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைத்தால், அந்த வரைபடத்தை அவர்கள் முன் விரிப்போம்.