கல்லும் கைபேசியும்

தமிழ்நாட்டில் ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட கல் அது. தன் எருமைகளைக் காக்க நின்ற கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அந்த முயற்சியில் மாண்டான். அவனுடைய நாயோ இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. ஊரார் வீரனைக் கல்லில் செதுக்கினர். அவனருகில் நாயையும் செதுக்கினர். அதன் பெயரையும் செயலையும் தனியே பொறித்தனர்.

நாய்க்கு மட்டுமன்று, சேவலுக்கும் கல் நட்ட நாடு இது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றின் உருவம் பொறித்த பழங்கல் கிடைத்துள்ளது. தென்னார்க்காடாக இருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டமாகி, 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டமாகத் தனித்து நின்ற நிலப்பரப்புக்கு அண்டை ஊர்களின் வரலாறுதான் இவையெல்லாம்.

இந்தக் கற்களை நம் அறிஞர்கள் எழுத்தின் வரலாற்றுக்கும் அரசியல் வரலாற்றுக்கும் சான்றாகக் கொள்வர். நான் வேறொரு நோக்கில் அவற்றைக் காண விரும்புகிறேன். நடுகல் அக்காலத்தின் செய்தித்தாள். வழிப்போக்கன் நின்று படிக்கும் அறிவிப்புப் பலகை. வளர்ப்பு விலங்கைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டிய செய்தியை அது சொன்னது. எப்படிச் சொன்னது? இன்ன ஆண்டில், இன்னான் மகன், இன்ன நாய், இன்னது செய்தது என்று சொன்னது. பொய்யாயின் மறுப்பதற்கு ஊரார் அங்கேயே இருந்தனர். காலம், இடம், பெயர், சான்று ஆகிய நான்கும் அந்தச் செய்தியில் இருந்தன.

இன்று நம் கையில் வேறொரு கல் இருக்கிறது. முகநூல் என்றும் வாட்சப் என்றும் யூடியூப் என்றும் வழங்கும் சமூக ஊடகங்கள் அதன் வழியே பேசுகின்றன. நாய், பூனை, ஆடு, கோழி ஆகியவற்றை எப்படிப் பேணுவது என்று நாள்தோறும் எண்ணற்ற செய்திகள் வருகின்றன. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் வாழ்வோர்க்கு அவை எந்த அளவு பயன்படும் என்பதே நம் முன் உள்ள கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால், விலங்கைப் பற்றிய அறிவு இந்நாட்டில் எவ்வாறு பரவியது என்பதைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் மலையைப் பார்ப்போம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன், கச்சிராயபாளையத்துக்கு மேலே எழுந்து, சில இடங்களில் 3000 அடிக்கும் மேற்பட்டு உயர்கிறது. மலையாளிப் பழங்குடியினர் சிற்றூர்களாகப் பரந்து வாழும் இடம் அது. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது. ஆகவே சாலை, பள்ளி, மருத்துவமனை முதலியவை சமவெளிக்குப் பின்னரே மலைக்கு ஏறின. சாமையும் மரவள்ளியும் விளையும் அந்தக் கொல்லைகளுக்கும் ஆட்டுப் பட்டிகளுக்கும் நாயே காவல்.

அங்கே நாய் நகரத்துச் செல்லப் பிராணியைப் போன்றதன்று. அதற்குக் கழுத்துப் பட்டை இல்லை, கயிறு இல்லை. பகலெல்லாம் தெருவில் திரியும். இரவில் ஒரு வீட்டின் திண்ணையை அடையும். சோறிடுவார் உண்டு, ஆனால் ஊசி போட அழைத்துச் செல்வார் அரியர். மயிரை வாருவது எப்படி, நறுமண நீரில் குளிப்பாட்டுவது எப்படி என்று பெருநகரத்தார் வெளியிடும் படங்கள் இந்த நாய்க்கு ஒரு பயனும் தாரா. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வெறிநாய்க் கடி நோய்க்குத் தடுப்பூசி.

இந்த நோயின் வரலாறு நமக்கு ஒரு பெரிய பாடம். 1885-இல் பாரிசு நகரில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தம் மருந்தைச் செலுத்திக் காத்தார். அந்த அறிவு இந்தியாவை அடையக் காலம் பிடித்தது. 1900-இல் இமயத்தின் அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. தென்னாட்டார் நாய் கடித்தால் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும். 1902-இல் லிலி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் இந்நோயால் இறந்தது பலர் நெஞ்சை உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் துணைசெய்ய, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. மருந்து உலகில் எங்கோ இருப்பது மட்டும் போதாது. எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதே குன்னூர் பிறந்த கதை.

பின்னர் ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்து நெடுங்காலம் வழங்கியது. வயிற்றில் நாள்தோறும் ஊசி குத்திக்கொள்ளும் துன்பம் அதில் இருந்தது. 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்னும் பேச்சு ஊருக்கு ஊர் பரவி அச்சத்தை விதைத்தது. அந்த மருந்தை இந்தியா 2004-இன் இறுதியில் கைவிட்டுவிட்டது. இப்போது கையில் நான்கோ ஐந்தோ ஊசிகள், குறித்த நாட்களில் போடப்படுகின்றன. கடி ஆழமாயின் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவர். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. எனினும் பழைய அச்சம் மட்டும் இன்னும் சாகவில்லை. மருந்து மாறி 20 ஆண்டு கடந்தும், அது மாறிய செய்தி சில வீடுகளை எட்டவில்லை! பச்சிலைக் கட்டையும் மந்திரத்தையும் நாடிக் காலத்தைக் கழிப்பவர் இன்னும் உளர். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இறப்போரில் ஐந்தில் இருவர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணிக்கிறது. செய்தி சென்று சேராமையின் விலை இங்கே ஒரு குழந்தையின் உயிர்.

இனி, செய்தி சென்று சேர்ந்ததால் விளைந்த வெற்றி ஒன்றையும் காண்போம். மாடுகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயை நம் முன்னோர் நன்கறிவர். 1903-இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் ஊர்தோறும் சென்றனர். தண்டோராவும் வாரச் சந்தையும் பின்னாளில் வானொலியும் அவர்களுக்கு நாவாக அமைந்தன. இந்தியாவில் அந்நோய் 1995-இல் கடைசியாகத் தலைகாட்டியது. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. விலங்கு நோய்களில் மனிதன் அடியோடு ஒழித்த முதல் நோய் இதுவே. பேச்சும் ஊசியும் கைகோத்து நடந்ததால் கிட்டிய பேறு இது.

வானொலியின் பங்கைப் பற்றி ஒரு சொல். 1956-இல் புனே நகரைச் சூழ்ந்த மாவட்டங்களில், 150 சிற்றூர்களில், வானொலி உழவர் மன்றங்கள் சோதனையாக அமைக்கப்பட்டன. யுனெஸ்கோ நிறுவனம் அதற்குத் துணைநின்றது. கேட்பது, கூடிப் பேசுவது, செய்வது என்னும் மூன்றும் அம்மன்றங்களின் நெறி. ஒருவர் தனியே கேட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், ஊரார் ஒன்றாக அமர்ந்து கேட்டனர். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். விடை வானொலியில் வந்தது. இந்த ஏற்பாட்டில் கேட்பவர்க்கும் வாய் இருந்தது.

இக்காலச் சமூக ஊடகம் அந்த வசதியைப் பன்மடங்கு பெருக்கித் தந்துள்ளது. புண்பட்ட ஆட்டின் படத்தை எடுத்து மருத்துவருக்கு அனுப்பலாம். விடையை அன்றே பெறலாம். சின்னசேலத்தை அடுத்து, சேலம் மாவட்ட எல்லைக்குள் உள்ள தலைவாசலில் 2021-இல் பெரியதொரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. முன்பு சென்னையிலும் நாமக்கல்லிலும் இருந்த அறிவு இப்போது மலையடிவாரத்துக்கே வந்துவிட்டது. அதை மலைமேல் ஏற்றுவதற்குக் கைபேசியைவிட விரைவான ஊர்தி வேறில்லை.

ஆயினும், ஊர்தி விரைவானது என்றால் பொய்யும் அதே விரைவில் ஏறிவிடும் அல்லவா? 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வீட்டு விலங்குகள் கொரோனா நோயைப் பரப்பும் என்னும் வதந்தி கைபேசிகளில் ஓடியது. அஞ்சியவர்கள் தாம் வளர்த்த நாய்களையும் பூனைகளையும் தெருவில் விடத் தலைப்பட்டனர். 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு சென்னையில் தோன்றிய விலங்கு நல வாரியம், அந்த வதந்திக்கு ஆதாரம் இல்லை என்று மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. 2022-இல் வடநாட்டில் மாடுகளைத் தோல் கழலை நோய் தாக்கியபோது, பாலைப் பருகினால் மனிதர்க்கும் நோய் வரும் என்று மற்றொரு வதந்தி எழுந்தது. அந்நோய் மனிதரைத் தொற்றாது. காய்ச்சிய பாலுக்குக் கேடில்லை. ஆனால் இந்த மறுப்பு எழும் முன்னரே வதந்தி பல ஊர்களைச் சுற்றி வந்துவிட்டது.

பொய் மட்டுமே கேடு விளைப்பதன்று; பாராட்டும் சில வேளை சுமையாகும். 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்களைப் புகழ்ந்தார். நம் இனங்களை நாம் மதிப்பது நன்றே. ஆனால் அழகிய படத்தைக் கண்ட மயக்கத்தில் வேட்டை நாயை வாங்கிச் சிற்றறையில் அடைப்பவர், அது வளர்ந்து ஓட இடம் தேடும்போது என் செய்வர்? படத்தைக் காட்டுவோர் அதன் உணவு, ஓட்டம், ஊசி, ஆயுள் ஆகியவற்றையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து.

அப்படியாயின் சமூக ஊடகத்தில் எழுதுவோரும் பேசுவோரும் கொள்ள வேண்டிய முறை யாது? நடுகல்லின் முறைதான். செய்தியைச் சொல்பவர் யார், எந்நாளில் சொன்னார், எந்த ஊருக்குச் சொன்னார் என்பது அதிலேயே இருத்தல் வேண்டும். 'வெள்ளிமலையில் வருகிற இன்ன நாளில் இன்ன இடத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி' என்னும் ஒரு வரிச் செய்தி, பெயரற்ற நூறு அறிவுரைகளினும் உயர்ந்தது. நாய் கடித்தால் உடனே 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்பு இட்டுக் காயத்தைக் கழுவுக, மருத்துவமனைக்குச் செல்க, நாள் தவறாமல் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்க. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி போடுக, ஆண்டுதோறும் தொடர்க. கால்நடைக்கு நோய் கண்டால் 1962 என்னும் எண்ணை அழைக்க. இவற்றை மலை மக்களின் பேச்சிலேயே, அவர்கள் அறிந்த ஒருவர் குரலிலேயே சொல்லலாம். ஆட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒரு தாய் தன் நாய்க்கு ஊசி போட்டதைத் தன் வாயால் சொன்னால், அண்டை வீட்டார் கேட்பர்.

அலை எட்டாத சிற்றூர்களும் மலையில் உண்டு. கைபேசி இல்லாத முதியோரும் உண்டு. அவர்களுக்குச் செய்தியைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்வழியே கொண்டு செல்ல வேண்டும். புதிய கருவி வந்தது என்று பழைய கருவியைப் பரணில் எறிந்துவிடலாகாது. திருவிழாக் கூட்டத்தில் அடிக்கும் பறைக்கும் சந்தையில் பேசும் பேச்சுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

சமூக ஊடகத்தார் தம் செய்தியை எத்தனை பேர் கண்டனர், எத்தனை பேர் விருப்பக் குறி இட்டனர் என்று எண்ணி மகிழ்கின்றனர். அந்தக் கணக்கு அவர்களோடு இருக்கட்டும். ஊருக்கு வேண்டிய கணக்கு வேறு. ஓர் ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்கு முறையாக ஊசி போட்டுவிட்டால், வெறிநோய் அவற்றிடையே பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நாய்வழி வரும் இந்நோயை 2030-க்குள் ஒழிப்பதென்று இந்தியா 2021-இல் திட்டம் வகுத்தது. காலம் அதிகம் இல்லை. கல்வராயன் மலையின் ஒவ்வொரு சிற்றூரும் தன் நாய்களை எண்ணட்டும். ஊசி போட்டவற்றை எண்ணட்டும். அந்த இரண்டு எண்களையும் கைபேசியில் ஊரறிய வெளியிடட்டும். இரண்டாம் எண் முதல் எண்ணை நெருங்குகிறதா என்பதை ஊரார் ஆண்டுதோறும் பார்த்து வரட்டும்.