எல்லாப் பிள்ளைகளுக்கும் மெடலா? கொஞ்சம் வரலாறும் பார்ப்போம்



இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததிலிருந்து ஊரில் ஒரே பேச்சுத்தான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மெடல் கொடுத்தது சரியா பிழையா? "ஓடினாலும் மெடல், நடந்தாலும் மெடல் என்றால் வென்ற பிள்ளைக்கு என்ன மரியாதை?" என்று வாப்பாமார் கேட்கிறார்கள். "பிள்ளை சந்தோஷமா வீட்டுக்கு வந்தானே, அது போதாதா?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகும் விடயம் ஒன்றுதான்: இது இந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கமாம். அது மட்டும் சரியில்லை.

1896 இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே தங்கப் பதக்கமே இருக்கவில்லை. முதலாமவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் கிடைத்தன. மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 இல் சென்ட் லூயிஸில்தான் தொடங்கியது. ஆனால் பங்குபற்றியவர்களுக்கான நினைவுப் பதக்கம் அந்த முதலாவது ஒலிம்பிக்கிலேயே இருந்தது. அதாவது, தங்கப் பதக்கத்தை விடப் பங்குபற்றல் பதக்கத்துக்கு வயது கூட.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த முறையும் பங்குபற்றியோருக்கு நினைவுப் பதக்கம் கொடுத்தார்கள். அதனால் டங்கன் வைட்டின் வெள்ளிக்கு ஏதும் குறைந்ததா? இல்லை. இரண்டும் வேறு வேறு பதக்கங்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழப்பம் வந்தது பிறகுதான். அமெரிக்காவில், குறிப்பாக 1986 இல் கலிபோர்னியா மாநிலம் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்த காலத்தில், பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம் வலுத்தது. சிறுவர் போட்டிகளில் எல்லோருக்கும் கிண்ணம் கொடுப்பது சாதாரணமானது. 2015 இல் அந்நாட்டுக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் ஹாரிசன், தன் மகன்மாருக்குக் கிடைத்த அப்படியான கிண்ணங்களைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக அறிவித்ததும் பெரிய வாக்குவாதம் நடந்தது. நம் வாப்பாமார் பேசுவதும் ஏறக்குறைய அவர் பேசியதுதான்.

1998 இல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். ஐந்தாம் தரப் பிள்ளைகளில் (நம் புலமைப்பரிசில் பரீட்சை வயது!) "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சோர்ந்தார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் செய்தார்கள். பாராட்டியதில் பிழையில்லை, எதைப் பாராட்டினோம் என்பதில்தான் வித்தியாசம்.

நம் சொந்த வரலாறு இதைவிடப் பழையது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்றப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல். ஓடியவர்களில் அன்று இளைஞராக இருந்த இப்னு உமர் (ரழி) அவர்களும் ஒருவர். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை, பந்தயமே வேண்டாமென்றும் விடவில்லை. நாமோ தரம் மூன்றில் உயரமான பிள்ளையையும் நோஞ்சான் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, கடைசியில் மெடலால் சமாதானம் செய்கிறோம்.

முஸ்னத் அஹ்மதில் இன்னொரு செய்தி. அப்பாஸ் (ரழி) அவர்களின் மகன்மாரான சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, முதலில் என்னிடம் வருபவருக்கு இன்னது தருவேன் என்று நபியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் ஓடிவந்து அவர்களின் முதுகிலும் நெஞ்சிலும் விழுவார்கள். எல்லோரையும் முத்தமிட்டு அணைத்துக்கொள்வார்கள். (இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சட்ட ஆதாரமாக நாம் இதைக் காட்டவில்லை.) பரிசு முதலில் வந்தவருக்கு என்றார்கள், அணைப்பு எல்லோருக்கும் கிடைத்தது.

மெடலே இல்லாமல் பெயர் நிலைத்த நம் நாட்டவரும் ஒருவர் இருக்கிறார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ரணதுங்க கருணானந்த, இலக்கம் 67, பத்தாயிரம் மீற்றர் ஓடினார். மற்றவர்கள் முடித்துவிட்ட பிறகும் மிச்சச் சுற்றுகளைத் தனியாக ஓடினார். முதலில் சிரித்த சனம், கடைசிச் சுற்றில் எழுந்து கைதட்டியது. அவருடைய கதை ஜப்பானியப் பாடசாலைப் புத்தகத்தில் வந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

ஆகவே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் வைக்க நினைப்பது இதுதான். மெடல் முதல் மூவருக்கு மட்டும். ஆரம்பப் பிரிவில் ஓடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, அதில் பிள்ளையின் பெயர், ஓடிய தூரம், எடுத்த நேரம். அடுத்த வருடம் அதே அட்டையில் அடுத்த வரியில் புதிய நேரம். ஓட்டக் குழுக்களைப் பிரிக்கும்போது தரத்தை மட்டும் பார்க்காமல், பயிற்சியில் எடுத்த நேரத்தையும் பார்ப்பது. எல்லோருக்கும் மெடல் வாங்குவதை விட இது மலிவு என்பதையும் பொருளாளர் கவனிக்கட்டும். நேரம் குறிக்க நிறுத்தற் கடிகாரம் இன்னும் நான்கு தேவை. பழைய மாணவர்கள் யாராவது பொறுப்பெடுத்தால் காரியாலயத்தில் சொல்லுங்கள்.