முசாபர்பூர் குண்டும் கேசரி வழக்கும் (1908): காரணம் கூறலும் நியாயம் கூறலும்

1908 ஏப்ரல் 30 இரவு முசாபர்பூரில் ஒரு குதிரை வண்டியின்மீது குண்டு வீசப்பட்டது. குதிராம் போசும் பிரபுல்ல சாகியும் குறிவைத்தவர் மாவட்ட நீதிபதி கிங்ஸ்ஃபோர்டு. மடிந்தவர்களோ வழக்கறிஞர் பிரிங்கிள் கென்னடியின் மனைவியும் மகளும். கிங்ஸ்ஃபோர்டு கல்கத்தாவில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது தேசிய இதழ்கள்மீதான வழக்குகளை விசாரித்தவர். சுசீல் சென் என்னும் இளைஞனுக்குக் கசையடி விதித்தவர். ஆகவே, குண்டைப் பற்றி இதழ்கள் எழுதுவதற்கு முன்பே இதழ்களின் வழக்கு குண்டுக்கான காரணங்களுள் ஒன்றாகியிருந்தது.

மே 12, ஜூன் 9 ஆகிய நாள்களில் கேசரியில் வெளிவந்த திலகரின் கட்டுரைகள் இரண்டும் வழக்குக்கு உள்ளாயின. முதற்கட்டுரை, இயல்பிலேயே சாந்தமான நாடு ரஷ்யாவின் நிலைக்கு வந்துவிட்டதே என்ற வருத்தத்துடன் தொடங்குகிறது. குற்றமற்ற பெண்கள் இருவர் பலியானதையும் குறிப்பிடுகிறது. எனினும், இந்நிலைக்கு மூலம் மக்கள் கருத்தைப் புறக்கணித்த ஆட்சியே என்பது அதன் வாதம். ஜூன் 8 அன்று வெடிபொருள் சட்டமும் பத்திரிகைச் சட்டமும் நிறைவேறின. மறுநாள் வெளிவந்த இரண்டாம் கட்டுரை, இத்தகைய வழிகள் நிலைக்கமாட்டா என்றது. குண்டு துப்பாக்கியைப் போன்ற படைக்கலம் அன்று, அது ஒருவகை மந்திரம், பரவுவதைச் சட்டத்தால் தடுக்கவியலாத அறிவு என்றது. இங்கே வருத்தத்தின் தொனி மங்கி, வியப்பின் தொனி மேலோங்குகிறது. திலகரைப் போற்றும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கடந்துசெல்கின்றன.

ஆங்கிலோ-இந்திய இதழ்களும் அமைதி காக்கவில்லை. இனி ஓர் உயிர் பறிக்கப்பட்டால், பிடித்துவைக்கப்பட்டவர்களுள் பத்துப்பேரைச் சுட வேண்டும் என்று அலகாபாத்தின் பயனீர் எழுதியது. பிணையாளிகளைக் கொல்லுமாறு வெளிப்படையாகக் கோரிய இவ்வெழுத்தின்மீது வழக்கு ஏதும் இல்லை.

ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் திலகர் தமக்குத் தாமே வாதாடினார். இருபத்தொரு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். மராத்தி மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்பு திரித்துவிட்டது என்பது அவரது முதன்மையான முறையீடுகளுள் ஒன்று. ஒன்பது ஜூரிகளில் எழுவர் ஐரோப்பியர்; தீர்ப்பும் ஏழுக்கு இரண்டு என அமைந்தது. நீதிபதி தாவர், 1897 வழக்கில் இதே திலகருக்குப் பிணை கேட்டு வாதாடியவர், குண்டின் வருகையை நாட்டுக்கு நன்மை வந்ததுபோல் வரவேற்கிறீர் என்று கடிந்து ஆறாண்டு நாடுகடத்தல் விதித்தார்.

இவ்வழக்கின் மையம் 124அ பிரிவு. அரசின் நடவடிக்கையைக் கண்டிப்பதை அப்பிரிவு அனுமதித்தது. அரசின்மீது வெறுப்பூட்டுவதையே தண்டித்தது. எனவே மன்றம் ஆராய்ந்தது எழுத்தின் தொனியை மட்டுமே. அப்பிரிவின் பார்வையில் இழைக்கப்பட்ட தீங்கு அரசுக்கு. மாண்ட இரு பெண்களுக்கு அங்கு இடமில்லை. ஆயின், கேசரியிலும் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறிதே. 1897 ஜூனில் அவ்விதழ், அப்சல்கானைச் சிவாஜி கொன்றதைக் கீதையின் துணைகொண்டு நியாயப்படுத்திய திலகரின் உரையை வெளியிட்டிருந்தது. கொலை அறமாகுமா என்ற வினா அன்று நேராகவே எழுப்பப்பட்டது. விடை ஏற்கத்தக்கதா என்பது வேறு செய்தி. 1908இல் அவ்வினா மறைந்து, கொலை ஏன் நிகழ்ந்தது என்ற வினா அதன் இடத்தைப் பிடிக்கிறது. சட்ட அச்சம் இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் அதுவே முழுக்காரணமன்று. காரணத்தை ஆட்சியிடம் ஒப்படைத்துவிட்டால், வீசியவனின் பொறுப்பைப் பேச வேண்டியதில்லை. காரணம் கூறுவதையே குற்றமாக்கிய மன்றமோ, ஆட்சியின் பொறுப்பைப் பேசாமல் தப்பியது.

கைவிடப்பட்ட அவ்வினா அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்தது. 1909 ஜூலையில் லண்டனில் கர்சன் வைலியை மதன்லால் திங்ரா சுட்டுக்கொன்றபின், காந்தி குஜராத்தியில் ஹிந்த் ஸ்வராஜ் எழுதினார். திங்ராவின் நாட்டுப்பற்றை மறுக்காமல் அவரது வழியை மறுத்த அந்நூல், கொலையால் ஆட்சிக்கு வருவோர் நாட்டுக்கு நன்மை செய்வரோ என்று வினவியது. குண்டுவழியை எதிர்த்த அந்நூலையும் 1910 மார்ச்சில் பம்பாய் அரசு தடைசெய்தது.