பலகையில் நின்ற காலாள்



காரைக்காலிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பும் தொலைவில், நீடாமங்கலத்தை அடுத்துத் திருப்பூவனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கோயில் கொண்ட இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று மணந்தமையால் அப்பெயர் பெற்றார் என்பது தலபுராணம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய அவ்வாட்டம், இன்று உலகெங்கும் இளைஞர் ஆடும் வீரக்கதை ஆட்டங்களுக்கும் மூதாதையாகும். அது எங்ஙனம் என்று காண்போம்.

நம் நாட்டில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1780இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர், இளைஞர்க்குப் போர்க்கலை கற்பிக்கும் பொருட்டு, அதனைப் பல நிலவகைகளும் பீரங்கிகளும் கொண்ட பெரும்பலகை ஆட்டமாக விரித்தார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படை அதிகாரி, கட்டங்களின்றி நிலப்படத்தின்மேல் ஆடும் முறையை வகுத்தளித்தார். சேதத்தைப் பகடை உரைக்கும். ஐயம் எழுந்தால் நடுவர் தீர்ப்பார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார்.

1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரென் இருவரும் இடைக்காலப் போர்களைச் சிறு பொம்மைகளால் நடத்தும் ‘செயின்மெயில்’ விதிகளை வெளியிட்டனர். மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் அதன் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தைத் தந்தனர். பகடையும் நடுவரும் அதிலும் உண்டு. ஆனால் ஆடுவோர் படையை நடத்துவதில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாந்தராகிக் கதைக்குள் நடக்கின்றனர்.

இம்மாற்றம் சிறிதன்று. பல்லாண்டுகளுக்கு முன், காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று, 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர், பின்னரும் பலமுறை கைமாறிற்று என்று வகுப்பில் கூறிவந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அப்போது நம் ஊர்ச் சனங்கள் எங்கே போனார்கள்?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. நானும் காய்களை மட்டுமே நகர்த்திக்கொண்டிருந்தேன்!

சதுரங்கத்தில் காலாளை இழக்க நாம் தயங்குவதில்லை, அவனுக்குப் பெயரில்லை. அவனுக்குப் பெயரும் அச்சமும் நண்பரும் உண்டு என்று எண்ணியபோதே புதிய ஆட்டம் பிறந்தது. மாணவர்களே, வரலாறு படிக்கையில் அரசர் இருக்கையிலிருந்து மட்டும் நோக்காதீர்கள். காலாளின் இடத்திலும் ஒருமுறை நின்று பாருங்கள்.