செத்ததாக அறிவித்த எழுத்தாளர் பாட்டோடு திரும்பி வந்த கதை

ஆட்டையாம்பட்டின்னு சொன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது முறுக்குதான். சேலத்திலிருந்து எங்க ஊர் வழியா பஸ் ஏறினா மல்லசமுத்திரம் தாண்டி திருச்செங்கோடு வந்துடும். 1997ல நாமக்கல் தனி மாவட்டமா பிரியற வரைக்கும் எல்லாமே ஒரே சேலம் ஜில்லாதான். அதனால திருச்செங்கோட்டுக்காரரை நாங்க வெளியூர்க்காரரா நினைக்கிறதே இல்லை. அப்படி ஒரு பக்கத்து ஊர்க்காரரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெருமாள்முருகன்.

நாவலாசிரியர்னு உலகம் முழுக்கத் தெரியும். ஆனா ஆரம்பம் பாட்டுதான். 1966ல திருச்செங்கோடு பக்கத்துல கூட்டப்பள்ளியில பிறந்தவர். சின்ன வயசிலேயே குழந்தைப் பாடல்கள் எழுதி, அது திருச்சி வானொலியில ஒலிபரப்பாகியிருக்கு. முதல் நாவல் 'ஏறுவெயில்' வந்தது 1991ல. 2000ல கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒண்ணு தொகுத்தார். நம்ம அம்மாயிகளும் அப்புச்சிகளும் பேசற பேச்சு அச்சில் ஏறினது இந்த மாதிரி வேலைகளால்தான்.

நாமக்கல்லில் கல்லூரி ஆசிரியரா இருந்தப்போ, மாணவர்களையும் நண்பர்களையும் தன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டி வைத்து 'கூடு' என்ற பெயரில் சந்திப்புகள் நடத்தினார். பெரிய மண்டபம், மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. படிக்கிறது, பேசறது, எழுதறது. அவங்க எழுதின கட்டுரைகள் 2013ல 'சாதியும் நானும்' என்ற தொகுப்பாவே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2010ல 'மாதொருபாகன்' வெளியானது. குழந்தையில்லாத ஒரு தம்பதியின் கதை, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழா பின்னணியில். நாலு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரிச்சாங்க. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் நடந்த பேச்சுவார்த்தையில் மன்னிப்புக் கேட்கவும் புத்தகத்தைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கடுத்து முகநூலில் அவர் போட்ட அறிவிப்பைப் பலரும் படித்திருப்பீங்க. எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துட்டான், இனி சாதாரண ஆசிரியன் மட்டும்தான் இருப்பான் என்பது அதன் சாரம். எல்லாப் புத்தகங்களையும் விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னார். குடும்பத்தோடு சென்னைக்கு மாற்றலாகிப் போனார்.

நம்ம பக்கத்துல கவிஞருக்குச் சோதனை வர்றது புதுசில்லைங்க. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1932ல ஒரு வருஷம் சிறையில் இருந்தார். ஆனா அவரை உள்ளே வைத்தது வெள்ளைக்காரன். ஊர் அவர் பக்கம் நின்றது. 1949ல மாநிலத்தின் ஆஸ்தான கவிஞர் பட்டமும் தேடி வந்தது. பெருமாள்முருகன் விஷயத்தில் எதிரே நின்றது அவர் யாருடைய பேச்சை அகராதியாக்கினாரோ அதே ஊர் ஜனம். அந்த வலிக்கு மருந்து கொஞ்சம் கஷ்டம்தான்.

மௌனமா இருந்த அந்தக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது கவிதை. நாவல்னா ஆள் வேணும், ஊர் வேணும், சாதி வேணும், கோயில் வேணும். ஒவ்வொன்றிலும் பயம். கவிதைக்குத் தன் மனசு மட்டும் போதும். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், தனக்காகவே எழுதிக்கொண்டார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நாமக்கல்லில் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி எழுதட்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அடுத்த மாதமே ஆகஸ்ட் 22ல டெல்லியில் 'கோழையின் பாடல்கள்' வெளியானது. தலைப்பைக் கவனிங்க... ஜெயிச்ச கர்வம் கொஞ்சமும் இல்லை. தனக்குள்ளே ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்துவிட்டார் என்று அப்போது வெளிப்படையாகவே சொன்னார். அந்த வருஷக் கடைசியில் வந்த நாவல் 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டின் கதை. மனுஷங்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்றுதான் ஆட்டைப் பிடித்தார். கோர்ட் கதவைத் திறந்து விட்டது உண்மைதான். ஆனா பயத்தை எடுத்துவிட எந்தக் கோர்ட்டாலும் முடியாதே.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்காகக் கீர்த்தனைகள் எழுத ஆரம்பித்தார். கச்சேரி மேடையில் நம்ம காட்டோரத்துப் பனைமரம் பாட்டாக ஒலித்தது. 2023ல வைக்கம் போராட்ட நூற்றாண்டுக்காக அவர் பெரியார் மேல் எழுதிய பாட்டையும் கிருஷ்ணா பாடினார். தனியறையில் தனக்காக எழுதினவரின் சொல்லை, சபை நடுவே இன்னொருத்தர் குரல் பாடுது. வானொலிக்குப் பாட்டு எழுதின அந்தச் சின்னப் பையன் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கு.

பின்னாளில் ஆத்தூர் அரசுக் கல்லூரிக்கு வந்து வேலை பார்த்தார். 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023ல ஜேசிபி பரிசும் கிடைத்தது. உலகம் கொண்டாடியாச்சு. நம்ம ஊர்ப்பக்கம்தான் அவர் பேரை எடுத்தா இன்னும் குரலைத் தாழ்த்திக்கறாங்க. படிச்சுட்டுத் திட்டுறவங்களோட நான் சண்டைக்கு வரலை. படிக்காமலே திட்டுறவங்க 'கோழையின் பாடல்கள்' புத்தகத்தில் நாலு பக்கமாவது புரட்டிப் பாருங்க. ஒருத்தரை இப்படிப் பயப்பட வைத்ததில் நம்ம பங்கு என்னன்னு அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.